மைசூரில் ஓட்டு யாருக்கு?

"படித்தவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்தால் நாடு உருப்படும்" என்று நம் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஏறக்குறைய அப்படியே மைசூர் சமஸ்தானத்தில் நடந்திருக்கிறது.

திவான் ரங்காசார்லு 7.10.1881 அன்று மைசூரில் கூட்டிய பிரஜாப் பிரதிநிதி சபையில் அங்கத்தினர்கள் 144 பேர். எவரும் மக்களின் ஓட்டுப் பெற்று வந்தவரல்லர். சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்தபோது, 1891-ல் தேர்தல் வந்தது. கணிசமாக வரி கட்டியவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும்தான் ஓட்டு. பி.எஸ்ஸி. படித்த எனக்கு இந்த விதி இனிக்கலாம். ஆனால் நிலக் கணக்கு முழுவதையும் விரல்நுனியில் வைத்திருந்த என் பாட்டி போன்றவர்கள்? பெண்களுக்கு இருந்த தடை 1923-ல்தான் நீங்கியது. அப்போதும் சொத்துத் தகுதி போகவில்லை. வரி ரசீதும் பட்டமும் கேட்காமல் 21 வயது நிரம்பிய அனைவரையும் ஓட்டுச் சாவடிக்கு அழைத்தது 1951-52 பொதுத் தேர்தல்.