மாளிகை யாருடையது? காமராஜர், நாகர்கோவில், ஒரு போஸ்டர்

வணக்கம் மக்களே. "மக்களே"ன்னு நான் ஆரம்பிக்கிறதை யூடியூப் பாஷைன்னு நெனச்சிராதீங்க. எங்க நாகர்கோவில் பக்கம் பாட்டாவும் அம்மையும் பிள்ளைகளைச் செல்லமா கூப்பிடுற வார்த்தை அது.

இந்த எபிசோடு ஒரு வீட்டைப் பத்தினது. சென்னை தி.நகர், திருமலைப்பிள்ளை சாலையில இருக்கு. ஷாப்பிங் போறப்ப அந்தப் பக்கமா நீங்க பலமுறை கடந்து போயிருப்பீங்க. காமராஜர் பல வருஷம் வாழ்ந்தது அங்கதான். 1975 அக்டோபர் 2 அன்னைக்கு அவர் இறந்ததும் அதே வீட்டுலதான். இப்ப அது அரசு நினைவில்லம்.

அந்த வீடு அவருக்குச் சொந்தமில்ல, வாடகை வீடு. இது இன்னைக்குப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா அவர் உயிரோட அரசியல் பண்ணிட்டு இருந்த காலத்துல, அந்த வீட்டோட படத்தைப் போட்டு, ஏழைப்பங்காளர் வாழுற மாளிகையைப் பாருங்கன்னு பொருள் வர்ற மாதிரி எதிர்த்தரப்பு போஸ்டர் ஒட்டுச்சு. அந்தத் தலைமுறை ஆட்கள் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லுவாங்க.

இப்ப நான் வேலை பாக்குற ஆள் மாதிரி யோசிக்கிறேன். அந்த வாசகத்தை வார்த்தை வார்த்தையா எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. "ஏழைப்பங்காளர்", அவரோட கட்சிக்காரங்களே சூட்டின பட்டம், சரி. "வாழுற", ஆமா, அங்கதான் வாழ்ந்தார். "மாளிகை", கொஞ்சம் மிகை, ஆனா அன்னைக்குக் குடிசையில இருந்த ஆளுக்கு எந்த பங்களாவும் மாளிகைதான். படம்? அசல் படம். எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனா பாக்குறவன் மனசுல போய் நிக்கிற அவுட்புட் என்ன? "இவன் ஊர்க்காசுல பங்களா வாங்கிட்டான்." அந்த வாக்கியம் போஸ்டர்ல எங்கயும் கிடையாது. அதை எழுதினது பாத்தவன். பொய்யா இருந்ததும் அது ஒண்ணுதான்.

தேர்தல் வதந்திகளைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்குத் திரும்பத் திரும்பத் தட்டுப்படுற விஷயம் இது. மோசமான வதந்தியில பொய்யான வாக்கியமே இருக்காது. சரிபார்க்குறவங்க வாக்கியத்தைத்தான் சரிபார்க்குறாங்க. கேக்குறவன் என்ன முடிவுக்கு வந்தான்ங்கிறதை யாரும் சரிபார்க்குறதில்ல.

இதுக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, அந்த போஸ்டர் ஆசாமி கடைசியா ரெண்டு தேர்தல்ல ஓட்டு கேட்டு நின்னது எங்க ஊர்லதான். 1967 சட்டமன்றத் தேர்தல்ல சொந்த ஊரான விருதுநகர்ல காமராஜர் தோத்தார். தோற்கடிச்சவர் பெ.சீனிவாசன்ங்கிற மாணவர் தலைவர், வித்தியாசம் 1,285 ஓட்டு. ஒன்பது வருஷம் முதலமைச்சரா இருந்தவர், அப்ப அகில இந்திய காங்கிரஸ் தலைவர். அடுத்த வருஷம் ஜூன்ல நாகர்கோவில் எம்.பி. மார்ஷல் நேசமணி இறந்துபோனார். திருவிதாங்கூர் தமிழர்களை 1956 நவம்பர் 1 அன்னைக்குத் தமிழ்நாட்டோட சேர்த்த போராட்டத்தோட தலைவர் அவர். காலியான அந்த இடத்துக்கு 1969 ஜனவரியில இடைத்தேர்தல். காமராஜர் நின்னார். எதிர்த்து நின்னவர் சுதந்திரா கட்சியோட டாக்டர் மத்தியாஸ், ஆளுங்கட்சியான தி.மு.க. ஆதரவோட.

கொஞ்சம் அந்த ஜனவரிக்குள்ள போய் நில்லுங்க. நீங்க தோவாளையில பூ கட்டுறவர். இல்ல குளச்சல்ல வலை பின்னுறவர். வடசேரி பக்கம் டீக்கடையில யாரோ சொல்றான், "மெட்ராஸ்ல அவருக்குப் பெரிய பங்களா இருக்குடே." உங்களுக்குச் சந்தேகம் வருது. எப்படிச் சரிபார்ப்பீங்க?

சொத்து யார் பேர்ல இருக்குன்னு பாக்க வில்லங்கச் சான்று போடணும். அதுக்கு அந்த இடத்தோட சார்பதிவாளர் ஆபீஸ் போகணும், அது இருக்குறது சென்னையில. நாகர்கோவில்ல இருந்து கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். ரயில்? எங்க ஊருக்கு ரயிலே 1979லதான் வந்துச்சு, அதுவும் திருவனந்தபுரம் பக்கமா. திருநெல்வேலி பாதை அதுக்கும் அப்புறம். 1969ல பஸ் பிடிச்சு திருநெல்வேலி போய், அங்க இருந்து ரயில்ல ராத்திரி முழுக்கப் போகணும். ஒரு டீக்கடைப் பேச்சுக்காக எவன் போவான்? வதந்தி ஒரு டம்ளர் டீ விலைக்குப் பரவும். அதைச் சரிபார்க்க ஒரு வாரக் கூலியை இழக்கணும். இந்தக் கணக்கைப் பாக்காம "மக்கள் ஏன் பொய்யை நம்புறாங்க"ன்னு கேக்குறது எனக்கு எரிச்சலா இருக்கும். எங்க மாவட்டம் படிப்புக்குப் பேர்போன மாவட்டம். படிச்சவனுக்கும் அதே 700 கிலோமீட்டர்தான்.

காமராஜர் சுமார் 1,28,000 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1971 மக்களவைத் தேர்தல்ல, தி.மு.க.வும் இந்திரா காங்கிரஸும் சேர்ந்து மாநிலத்தையே அள்ளினப்ப, அவரோட ஸ்தாபன காங்கிரஸுக்குத் தமிழ்நாட்டுல கிடைச்சது ஒரே ஒரு எம்.பி. இடம். நாகர்கோவில். அவரேதான்.

இதை வச்சு "நாஞ்சில் நாட்டு மக்கள் வதந்தியைத் தூக்கி எறிஞ்சாங்க"ன்னு பின்னணி இசையோட நிறைய வீடியோ இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த டேட்டா அதைச் சொல்லல. நேசமணி காலத்துல இருந்து அங்க காங்கிரஸ் ஆழமா வேர் விட்டிருந்துச்சு. இணைப்புப் போராட்டத்தோட நினைவு இருந்துச்சு. சாதிக் கணக்கு இருந்துச்சு, அதைச் சொல்லாம இந்தத் தேர்தலைப் பேசுறது நேர்மையில்ல. இத்தனை காரணத்துல வதந்தியோட பங்கை மட்டும் தனியா பிரிச்செடுக்க ஓட்டு எண்ணிக்கையால முடியாது. அதே மாதிரி விருதுநகர்ல 1,285 ஓட்டும் பொய்யாலதான் போச்சுன்னு சொல்லவும் முடியாது. அரிசி தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம்னு 1967ல காங்கிரஸ் மேல கோபப்பட நிஜமான காரணங்களே தாராளமா இருந்துச்சு.

இங்க நிறுத்திட்டா இது காமராஜர் புகழ்பாடுற எபிசோடு ஆயிரும். அதனால அடுத்தது. 1971 ஜனவரியில சேலத்துல திராவிடர் கழகம் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்துச்சு. அந்த ஊர்வலத்துல ராமர் படம் செருப்படி பட்டது. கொஞ்ச நாள்ல தேர்தல். அந்தக் காட்சி ஸ்தாபன காங்கிரஸ், சுதந்திரா கூட்டணியோட பிரசாரத்துல தி.மு.க.வுக்கு எதிரான ஆயுதம் ஆச்சு. ஊர்வலம் நடந்தது நிஜம். ஆனா நடத்தினது தி.க., தேர்தல்ல நின்னது தி.மு.க. ஆட்சியில இருந்தவங்க ஏன் தடுக்கலன்னு கேக்குறது நியாயமான அரசியல் கேள்வி, அதை நான் மறுக்கல. ஆனா சுவத்துல அந்தப் படத்தையும் உதயசூரியனையும் சேர்த்துப் பாக்குற ஆளுக்கு "கேள்வி" போய்ச் சேராது. "இவங்கதான் அடிச்சாங்க"ங்கிறதுதான் போய்ச் சேரும். காமராஜருக்கு வீட்டுப் படத்தை வச்சு என்ன நடந்துச்சோ, அதே வேலையை அவர் இருந்த கூட்டணியும் செஞ்சுச்சு. தி.மு.க. 184 இடம் ஜெயிச்சுது, அது வேற விஷயம்.

சட்டம் என்ன பண்ணுச்சுன்னு பாப்போம். 1951ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல 123(4)னு ஒரு பிரிவு. ஒரு வேட்பாளரோட தனிப்பட்ட நடத்தையைப் பத்தி, பொய்யான தகவலை, பொய்னு தெரிஞ்சோ உண்மைன்னு நம்பாமலோ பரப்பினா அது ஊழல் நடவடிக்கை. ஜெயிச்சவரோட வெற்றியே செல்லாமப் போகலாம். சும்மா ஏட்டுல இருக்குற சட்டமும் இல்ல. 1962 தேர்தல்ல ராஜஸ்தான்ல ஜெயிச்ச சுவாமி குமாரானந்த் தலைமை தாங்கின கூட்டத்துல ஒருத்தர் கவிதை வாசிச்சார். அதுல எதிர் வேட்பாளரைத் திருடர்களுக்கெல்லாம் தலைவன்ங்கிற மாதிரி சொல்லியிருந்துச்சு. "இது வெறும் வசை, தகவல் இல்ல"ன்னு வாதாடிப் பாத்தாங்க. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கல. பதவி போச்சு.

அதே சட்டத்துல 127ஏ பிரிவு 1961ல சேர்ந்துச்சு. தேர்தல் போஸ்டர்ல அச்சடிச்சவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இருக்கணும். சின்ன எழுத்துல ஓரத்துல இருக்குமே, அதுதான். இன்னைக்குப் பாஷையில சொன்னா மெட்டாடேட்டா. உங்க வாட்ஸாப்புக்கு வர்ற படத்துல அது இருக்கா?

ஆனா 123(4)ல ஓட்டைகள் தெளிவா இருக்கு. வேட்பாளரோ அவரோட ஏஜென்ட்டோ செஞ்சிருக்கணும், இல்ல அவங்க சம்மதத்தோட நடந்திருக்கணும். வழக்குப் போடுறது தேர்தல் முடிஞ்ச பிறகு, 45 நாளுக்குள்ள, உயர் நீதிமன்றத்துல. தீர்ப்பு வர்றதுக்குள்ள பாதி ஆட்சி முடிஞ்சிருக்கும். எல்லாத்துக்கும் மேல, "பொய்யான தகவல்" வேணும். வாடகை வீட்டு போஸ்டரை எந்தக் கோர்ட்ல கொண்டு போய் நிறுத்துவீங்க? "அவர் அங்க வாழ்றார்னுதானே போட்டோம்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க.

இன்னைக்கு 700 கிலோமீட்டர் பிரச்சனை பெருசா இல்ல. 2002, 2003ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்புகளால, சட்டமன்ற, மக்களவை வேட்பாளர் ஒவ்வொருத்தரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாத்தையும் பிரமாணப் பத்திரத்துல சொல்லணும். தேர்தல் ஆணைய இணையதளத்துல அது கிடைக்கும். சர்வே எண் தெரிஞ்சா வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்துல உக்காந்த இடத்துல பாக்கலாம். 1969ல இருந்த ஆளுக்கு இது மந்திரம். பிரமாணப் பத்திரம் அவங்களே எழுதிக்குடுக்குறதுதான், பினாமி அதுல வராது, தெரியும். ஆனா "இந்த பங்களா யாரோடது"ன்னு கேக்க ஆரம்பிக்கவாவது ஒரு இடம் இருக்கு.

ஆனா சரிபார்த்த பிறகு என்ன ஆகுதுன்னு ஒண்ணு சொல்றேன். 2022 பிப்ரவரி, நாகர்கோவில் மாநகராட்சி ஆன பிறகு வந்த முதல் தேர்தல். எங்க குடும்ப குரூப்ல மாமா ஒரு அரண்மனை மாதிரி வீட்டுப் படத்தை அனுப்பி, வார்டுல நிக்கிற ஒருத்தர் பேரைச் சொல்லி, "பாத்தியா இவனுக்க வீட்டை"ன்னு போட்டார். படத்தைத் தேடிப் பாத்தேன். வேற மாநிலத்துல இருக்குற ரிசார்ட். லிங்க்கை அனுப்பினேன். மாமா ரெண்டு நிமிஷம் டைப் பண்ணிட்டே இருந்தார். அப்புறம் பதில் வந்துச்சு: "இது அவனுக்க வீடு இல்லன்னா என்னடே மக்கா, ஜெயிச்சா கட்டத்தான போறான்."

படம் பொய்யாயிருச்சு, முடிவு அப்படியே நிக்குது. மாமா முட்டாள் இல்ல. நாற்பது வருஷமா கவுன்சிலர்களைப் பாத்தவர். அவர்கிட்ட ஏற்கனவே ஒரு தீர்ப்பு இருந்துச்சு, படம் அதுக்கு வெறும் இணைப்பு. அதுக்கப்புறம் நான் லிங்க் அனுப்புறதோட நிறுத்துறதில்ல. "சரி மாமா, அவரு என்ன பண்ணினாருன்னு நெனக்கியோ?"ன்னு கேப்பேன். பாதி நேரம் அங்கதான் நிஜமான புகார் வெளிய வரும். ரோடு போடல, ஓடை அள்ளல. அதுல சரிபார்க்க நிஜமாவே ஏதாவது இருக்கும்.

வீட்டுப் படத்தோட நின்னா சிரிச்சிட்டுப் போயிரலாம். ஆனா எங்க மாவட்டத்துல வேட்பாளரைப் பத்தின வதந்தி பெரும்பாலும் சொத்துல நிக்காது. அவர் எந்தக் கோயிலைத் திட்டினார், எந்தச் சர்ச்சுக்கு என்ன வாக்குக் குடுத்தார்னு போகும். 1982 மார்ச்ல மண்டைக்காட்டுல கலவரமும் துப்பாக்கிச்சூடும் நடந்து உயிர்கள் போன ஊர் இது. நீதிபதி வேணுகோபால் கமிஷன் போட்டு விசாரிச்ச விவகாரம். அந்தக் கரையில இருக்குற வீடுகள்ல அதை நேர்ல பாத்தவங்க இன்னும் இருக்காங்க. அங்க ஒரு எடிட் பண்ணின பேச்சு, ஓட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ராத்திரி பதினோரு மணிக்கு வந்தா, அதை அனுப்புறதுக்கு முன்னாடி எழுந்து உக்காந்து முழுப் பேச்சையும் தேடிப் பாத்துருங்க.

அடுத்த எபிசோடு 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டம், புதுக்கடை துப்பாக்கிச்சூடு. உங்க வீட்டுல அந்த நாளைப் பத்தி யாராவது பேசியிருந்தா, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க மக்களே.