கைப்பிடியும் கையும்: கேப்புத் துவக்குக் காலமும் சபரகமுவத் தோட்டங்களும்

இலங்கைப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்தோர் நிலம், மூலதனம், கூலி, குடிப்பெயர்வு, கங்காணிமுறை ஆகியவற்றிலேயே தம் கவனத்தைப் பெரிதும் செலுத்தியுள்ளனர். இவை அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், அதிகாரம் செலுத்தியோர் கையில் இருந்த ஆயுதமும் உழைத்தோர் கையில் இருந்த கருவியும் எவ்வாறு அமைந்திருந்தன என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. ஆயுதமாயினும் கருவியாயினும் அது மனிதனோடு சேரும் இடம் பிடியாகும். யாருடைய கையை மனங்கொண்டு ஒரு பிடி செய்யப்பட்டது, எவருடைய கை அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொண்டது என்பன சமூக வரலாற்றுக்குரிய வினாக்களே. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களைக் களமாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஆயுதத்தை நோக்குவோம். தீக்கல்லின் பொறியால் வெடித்த பழைய துவக்கின் இடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிற் கேப்புத் துவக்கு பிடித்தது. அடிபட்டவுடன் வெடிக்கும் மருந்தைத் துவக்குக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்கொத்லாந்துப் பாதிரியாரான அலெக்சாந்தர் போர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். அம்மருந்தைச் சிறு செப்பு மூடியில் அடைத்துத் துவக்கின் காம்பில் வைக்கும் வழக்கம் 1820களிற் பரவியது. இம்முறையே றிவோல்வர் எனப்படும் சுழல்துப்பாக்கியின் வளர்ச்சிக்கு வழிவகுத்தது. 1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் அமெரிக்கரான சாமுவேல் கோல்ற்றின் றிவோல்வரும் ஆங்கிலேயரான றொபேட் அடம்ஸின் றிவோல்வரும் ஒன்றுக்கொன்று போட்டியாக நின்றன.

இவ்விரண்டின் பிடிகளும் வேறுபட்டவை. கோல்ற்றின் பிடி கீழ்நோக்கி வளைந்து செல்வது. அமெரிக்கர் அதனை ஏர்ப்பிடி என்றே அழைத்தனர். குண்டு வெளியேறும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். அவ்வேளை வளைந்த பிடி உள்ளங்கையினுள் மேல்நோக்கிச் சற்றே உருளும். உதைப்பின் ஒரு பகுதி இவ்வுருளலிற் கழிந்துவிடும். அத்துடன், ஒவ்வொரு முறையும் பெருவிரலால் இழுக்கப்படவேண்டிய சுத்தியலும் விரலுக்கு அண்மையில் வந்து சேரும். அடம்ஸின் றிவோல்வரிலோ விசையை இழுப்பது ஒன்றே சுத்தியலை உயர்த்தி விழச்செய்யப் போதுமானது. பிடி கையினுள் உருள வேண்டிய தேவை அங்கில்லை. ஆதலால் அதன் பிடியின் மேற்புறத்திலே கையைத் தடுத்து நிறுத்தும் புடைப்பு ஒன்று அமைக்கப்பட்டது. பிடியின் வசதி என்பது தனித்த ஒரு பண்பன்று; பயன்படுத்தும் முறையைச் சார்ந்தே அது அமைகிறது என்பதற்கு இவ்விரு வடிவங்களும் சான்றாகும்.

இன்னொன்றும் இங்கே மனங்கொளத்தக்கது. கோல்ற்றின் 1851ஆம் ஆண்டுக் கடற்படை மாதிரியில் முன்னும் பின்னும் உலோகப் பட்டைகள் வளைந்து நிற்க, அவற்றின் இடையே ஒரே மரத்துண்டு பொருத்தப்பட்டிருந்தது. பிடியின் நீளத்தையும் பருமனையும் உலோகமே வரையறுத்தது. மரத்தைச் சீவுவதால் அதிக மாற்றம் செய்ய இயலாது. ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்கும் பொருந்துமாறு ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்யும் ஆலைமுறை ஒரே அளவை வேண்டிநின்றது. 1950களின் இறுதி முதல் இத்தாலியின் கார்தோனே நகரில் இம்மாதிரிகள் மீளவும் செய்யப்பட்டு வருகின்றன. அவற்றைச் சுடுவோரும் பழைய இடர்ப்பாட்டையே எதிர்நோக்குகின்றனர். பெரிய கை உடையோருக்குச் சுண்டுவிரல் வைக்க இடம் போதாது. அவர்கள் அதனைப் பிடியின் அடியில் மடித்துக்கொள்கின்றனர். கையை மேலே ஏற்றிப் பிடித்தால் நடுவிரலின் மூட்டு விசைக்காப்பில் மோதுகிறது. ஆலை ஒரு சராசரிக் கையைக் கற்பித்துக்கொண்டது. உண்மையான கைகள் அதற்கு இணங்கிப் போயின.

ஆலைப் பொருளுக்கு முற்பட்ட துவக்கும் இலங்கையில் இருந்தது. கண்டி இராச்சியத்துக் கம்மாளர் செய்த சிங்களத் துவக்கு பொதுவாக இடப்புறத்தில் விசைப்பொறியையும் இரு சுருளாகப் பிளந்த அடிக்கட்டையையும் உடையது. ஐரோப்பியத் துவக்கின் தட்டையான அடிக்கட்டையினின்றும் இது முற்றிலும் வேறானது. தந்தமும் வெள்ளியும் பதித்த அத்தகைய துவக்குகள் இன்று அருங்காட்சியகங்களிற் காக்கப்படுகின்றன. சாதாரண குடியானவனுக்கோ துவக்கு அணிகலன் அன்று. சேனைப் பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்கும் கருவி. 1848இல் ஆளுநர் டொறிங்டன் விதித்த வரிகளுள் துவக்கு ஒன்றுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் அனுமதிக் கட்டணமும் அடங்கும். அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் மூண்ட கிளர்ச்சிக்கு இவ்வரிகளும் காரணமாயின. குடியானவனின் தொழிற்கருவியை அரசு ஆயுதமாக மட்டுமே கண்டது எனலாம்.

கேகாலை மாவட்டம் இவ்வரலாற்றில் முனைப்புப் பெறுவது 1864இலாகும். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையிலான புகையிரதப் பாதை 1867இலேயே நிறைவெய்தியது. அதுவரை மலைநாட்டுக் கோப்பியின் பெரும்பகுதி மாட்டு வண்டிகளில், மாவனல்லை, கேகாலை வழியாகக் கொழும்பை அடைந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பறித்த கோப்பியும், அதற்கு ஈடாக மேலே சென்ற பணமும் அரிசியும் இவ்வீதி வழியே நகர்ந்தன. உத்துவன்கந்தை மலையை உறைவிடமாகக் கொண்ட சரதியேல் இவ்வீதியிலேயே கொள்ளையடித்தான். 1864 மார்ச் 21இல் மாவனல்லையில் அவனைப் பிடிக்கச் சென்ற பொலிசார்மீது துவக்குச் சூடு நடைபெற்றது. மலாய் இனத்தவரான கான்ஸ்டபிள் சபான் உயிரிழந்தார். அச்சூட்டைச் சரதியேலின் தோழன் மம்மலே மரிக்கார் நிகழ்த்தியதாகக் கூறப்படும். கடமையின்போது இறந்த முதற் பொலிஸ் ஊழியராக இன்றும் சபான் அந்நாளில் நினைவுகூரப்படுகிறார். சரதியேலும் மரிக்காரும் அவ்வாண்டு மே மாதம் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். ஏழைக்குக் கொடுத்த கொள்ளையன் எனச் சரதியேல் நாட்டார் வழக்கில் வாழ்கிறான். சிங்களவர், முஸ்லிம், மலாயர் ஆகியோரின் பெயர்கள் இந்நிகழ்ச்சியிற் பதிவு பெற்றன. வண்டியில் இருந்த கோப்பியைப் பறித்த கைகளுக்கோ அங்கே பெயரில்லை.

அக்கைகளை அடக்குவதற்குத் துவக்கு அடிக்கடி தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டே, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு நீங்குவதைச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. இத்தகைய தண்டனை 1920களின் தொடக்கம் வரை நீடித்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலச் சட்டம் துவக்கு வைத்திருப்போர் அனைவரும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என்றது. சட்டம் அனைவருக்கும் பொதுவானதே. ஆயினும் லயத்து அறையில் வாழ்ந்தவனும் பங்களாவில் வாழ்ந்தவனும் அதன்முன் ஒரே நிலையில் நிற்கவில்லை. சட்டம் போதாதவிடத்துத் துவக்கு முன்வந்தது. சபரகமுவவுக்கு வெளியே, கண்டி மலைப்பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் 1940 சனவரியில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் சூட்டுக்குக் கோவிந்தன் பலியானமை யாவரும் அறிந்ததே.

இனி உழைப்பவர் கருவிக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இறப்பர் பரவியது. பால்வெட்டு மிக நுண்ணிய கைவினை. மரத்தின் வளர்படையைத் தொடாமல், அதற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அண்மை வரை, சுமார் 30 பாகைச் சரிவிற் பட்டையைச் சீவவேண்டும். ஆழம் குறைந்தாற் பால் குறையும். மிகுந்தால் மரம் புண்படும். அதிகாலை தொடங்கி ஒருவர் ஏறத்தாழ 300 மரங்களை வெட்டுவார். மிச்சி-கொலெஜ் எனப்படும் கத்தி இத்தொழிலுக்கு உரியதாக இலங்கையிலும் இந்தியாவிலும் நிலைபெற்றது. றிவோல்வரின் பிடி சில வேளைகளில் சில கணங்கள் கையில் இருப்பது. இக்கத்தியின் பிடியோ ஆண்டு முழுவதும் நாள்தோறும் பல மணிநேரம் கையில் இருப்பது. விரலும் மணிக்கட்டும் படும் துன்பத்தின் அளவும் அவ்வாறே வேறுபடும்.

பால்வெட்டில் ஆணும் பெண்ணும் ஈடுபட்டனர். ஆண் கைக்கும் பெண் கைக்கும் கத்தி ஒன்றே. சம்பளம் மட்டும் ஒன்றாக இருக்கவில்லை. தோட்டத்துறையில் ஆண், பெண் நாட்சம்பளம் சமமாக்கப்பட்டது 1984இலேயே. கருவியின் அளவை வகுக்கும்போது பெண்ணின் கை வேறென எண்ணப்படவில்லை. கூலியை வகுக்கும்போது அது வேறென எண்ணப்பட்டது. ஆலை கற்பித்த சராசரிக் கை உண்மையில் ஆணின் கை என்பதும், அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்பதும் இம்முரண்பாட்டில் வெளிப்படுகின்றன. மனித உடலுக்கேற்பத் தொழிலை அமைக்கும் ஆய்வு 1949 முதல் இங்கிலாந்தில் தனித்துறையாக உருப்பெற்றது. சுடுவோனின் விரல் எங்கே தங்கும் என்ற வினாவோ அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே துப்பாக்கி செய்வோரின் கவனத்தைப் பெற்றிருந்தது.

ஆயினும் தொழிலாளி முற்றிலும் செயலற்று இருந்ததாகக் கொள்வது தவறாகும். மண்வெட்டியின் இரும்பு ஆலையிலிருந்து வந்தது. அதன் பிடி உள்ளூர் மரத்திலே செதுக்கப்பட்டது. உயரத்துக்கும் உள்ளங்கைக்கும் ஏற்ப அதனைச் சீவிக்கொள்ளும் வாய்ப்பு அங்கிருந்தது. உலோகப் பட்டைகளுக்குள் அடைபட்ட றிவோல்வர்ப் பிடியில் அதற்கு இடமில்லை. தனக்கெனச் சொந்த நிலமற்ற ஒருவன் தன் உடலின் அளவைப் பதித்த பொருள் அம்மரப்பிடியே எனலாம்.

சிங்களத் துவக்குகளும் கோல்ற்றின் றிவோல்வர்களும் கண்ணாடிப் பேழைகளிற் பாதுகாக்கப்படுகின்றன. தேய்ந்த பால்வெட்டுக் கத்தியோ பழைய இரும்பாகிவிடுகிறது. கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென அமைந்துள்ள அருங்காட்சியகம் வரவேற்கத்தக்க தொடக்கமாகும். சபரகமுவ இறப்பர்த் தோட்டங்களிலிருந்தும் கத்தி, மண்வெட்டி, பால்வாளி ஆகியவற்றைத் திரட்டுதல் வேண்டும். பயன்படுத்தியவரின் வாய்மொழி, பயன்பட்ட காலம், பிடியின் அளவு, தேய்மானம் என்பன அவற்றோடு பதிவாதல் இன்றியமையாதது. ஆவணங்களில் இடம்பெறாத கைகளின் வரலாறு அத்தேய்மானத்தில் எழுதப்பட்டுள்ளது. அதனை வாசிக்கும் பொறுப்பு நமது பல்கலைக்கழகங்களுக்கு உரியது.