ஹைபிரிட் காரின் வெளிவிளக்குகள்

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் காரின் வெளிப்புறத்தில், ஓட்டுநருக்கு வழி காட்டவும் மற்றவருக்குக் குறிப்பு உணர்த்தவும் பொருத்தப்பட்டிருக்கும் விளக்குகளின் தொகுதியே ஹைபிரிட் காரின் வெளிவிளக்குகள். முன்னால் ஹெட்லைட், பகல் விளக்கு, பார்க்கிங் லைட், ஃபாக் லைட். நான்கு மூலையிலும் இண்டிகேட்டர். பின்னால் டெயில் லைட், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் விளக்கு. சாதாரணக் காரிலும் இவையே உண்டு. ஹைபிரிட் வேறுபடுவது இரண்டு விஷயங்களில்தான். விளக்குக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று, பின்னால் சிவப்பு எப்போது எரிகிறது என்பது மற்றொன்று. சமவெளியிலேயே ஓட்டுபவர் இவற்றைக் கவனிக்காமலே காலம் தள்ளிவிடலாம். செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறி இறங்குபவரால் அப்படி இருக்க முடியாது.

செங்கம் திருவண்ணாமலை மாவட்டத்தில், செய்யாற்றங்கரையில், ஜவ்வாது மலைக்குத் தெற்கே உள்ள ஊர். கிருஷ்ணகிரி–திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலை 77 இதன் வழியே போகிறது. பெங்களூரிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்கும் புதுச்சேரிக்கும் போகும் கார்களுக்கு இதுதான் பாதை. பௌர்ணமி கிரிவல இரவுகளில் எதிரும் புதிருமாக வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். வடக்கே பரமனந்தல் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலையிலோ இருட்டு, வளைவு, மார்கழி தையில் பனி. சங்க இலக்கியத்தில் செங்கண்மா என்று வரும் இவ்வூரின் தலைவன் நன்னனிடம் கூத்தரை வழிப்படுத்தும் மலைபடுகடாமும் இப்படியொரு மலைப்பாதையைத்தான் பேசுகிறது. வழியில் எது எங்கே காத்திருக்கிறது என்பது இங்கே பழைய கவலை.

மின்சாரம் வரும் வழி

பழைய ஓட்டுநர்கள் இன்னும் டைனமோ என்றே சொல்லும் ஆல்டர்னேட்டர், சாதாரணக் காரில் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைந்து சுழன்று 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. டொயோட்டா அர்பன் குரூசர் ஹைரைடர், மாருதி சுசூகி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ், ஹோண்டா சிட்டி இ:ஹெச்இவி போன்ற ஸ்ட்ராங் ஹைபிரிடுகளில் ஆல்டர்னேட்டர் கிடையாது. எஞ்சினைக் கிளப்பும் தனி செல்ஃப் மோட்டாரும் கிடையாது. உயர் அழுத்த பேட்டரியின் மின்சாரத்தை ஒரு மாற்றி 12 வோல்ட்டுக்குக் குறைத்துத் தருகிறது. ஹைரைடரில் பெரிய பேட்டரி 177.6 வோல்ட். ஆனால் ஹெட்லைட் முதல் நம்பர் பிளேட் விளக்கு வரை எல்லாம் எரிவது பழைய 12 வோல்ட்டில்தான்.

இதனால் ஒரு வசதி உண்டு. சிக்னலில் எஞ்சின் அணைந்து மறுபடி கிளம்பும்போது ஹெட்லைட் ஒரு கணம் மங்கித் தெளிவது சாதாரணக் காரில் வழக்கம். ஹைபிரிடில் பெரிய மோட்டாரே எஞ்சினைச் சுழற்றிவிடுவதால் விளக்கு அசைவதில்லை.

ஒரு சிக்கலும் உண்டு. பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் சிறிய பேட்டரி செத்துவிட்டால் கார் நகராது. பெரிய பேட்டரியைச் சுற்றுடன் இணைக்கும் ரிலேக்களும் கணினிகளும் விழிப்பதற்கு அந்த 12 வோல்ட் வேண்டும். டேஷ்போர்டில் ‘ரெடி’ எழுத்து தோன்றாமல் விளக்கையும் பாட்டையும் போட்டுக்கொண்டு குப்பநத்தம் அணைக்கரையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால், கிளம்பும்போது பேட்டரி டவுன் ஆகியிருக்கக்கூடும். செல்ஃப் மோட்டார் இல்லை என்பதால் கேபிள் போட்டுக் கிளப்ப இதற்குச் சிறிதளவு மின்சாரமே போதும். லாரியைக் கிளப்ப இந்தச் சிறிய பேட்டரியிலிருந்து கடன் கேட்பதுதான் கூடாது.

மைல்ட் ஹைபிரிட் என்று விற்கப்படும் கார்களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அவற்றில் ஆல்டர்னேட்டரின் வேலையையும் சேர்த்துச் செய்யும் பெல்ட் மோட்டார் ஒன்று உண்டு. விளக்கைப் பொறுத்தவரை அவை சாதாரணக் கார்களே.

ஹெட்லைட்

ஹாலஜன் ஹெச்4 பல்பு ஹை பீமில் 60 வாட், லோ பீமில் 55 வாட் எடுக்கும். எல்இடி விளக்கு அதைவிட மிகக் குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தருகிறது. எஞ்சின் ஓடாத நேரத்திலும் விளக்கு எரிய வேண்டிய ஹைபிரிடுக்கு இது பொருத்தமாக அமைந்தது. தொடர் உற்பத்தியில் எல்இடி லோ பீம் ஹெட்லைட்டோடு முதலில் வந்த காரே ஒரு ஹைபிரிட்தான்: 2007இல் வெளிவந்த லெக்சஸ் எல்எஸ் 600ஹெச். அதன் விளக்கைச் செய்தது ஜப்பானின் கொய்டோ நிறுவனம். அதே கொய்டோ லூகாஸ் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து 1996இல் தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங்கின் தொழிற்சாலை திருவள்ளூர் மாவட்டத்துப் புதுச்சத்திரத்தில் இருக்கிறது. கார் விளக்குத் தொழில் தமிழ்நாட்டுக்குத் தூரத்துச் சமாச்சாரம் அல்ல.

இந்தியாவில் 2013இல் பிடதி ஆலையில் பூட்டப்பட்ட கேம்ரி ஹைபிரிட் பணக்காரர் வண்டியாகவே இருந்தது. நடுத்தர விலையில் ஸ்ட்ராங் ஹைபிரிடுகள் வந்தது 2022இல். ஹைரைடரும் கிராண்ட் விட்டாராவும் ஹெட்லைட்டைப் பம்பரில் கீழே இறக்கிவிட்டு, பானட் ஓரத்தில் மெல்லிய பகல் விளக்கை மட்டும் வைத்தன. மேலே இருப்பதைப் பார்த்து அதுதான் ஹெட்லைட் என்று நினைப்பவர் பலர். அழகுக்குச் செய்த இந்தப் பிரிவினையால் ஒரு நன்மை, எதிரே பைக்கில் வருபவர் கண்ணுக்குக் கீழேயே விளக்கு இருப்பது. மழைக்காலச் சேறு முதலில் தெறிப்பதும் அங்கேதான்.

லோ பீமின் வெளிச்சத்துக்கு மேல்விளிம்பு ஒன்று உண்டு. சாலையின் இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் அந்த விளிம்பு வலப்பக்கம் தாழ்ந்தும், நடந்து போவோரும் பலகைகளும் இருக்கும் இடப்பக்கம் உயர்ந்தும் இருக்கும். பொதுவாக 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வீதம் அது சரிகிறது. 60 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி, இந்தக் கணக்கில், 60 மீட்டரில் தரையைத் தொடும். 80 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் மூன்று நொடிக்கும் குறைவு. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கே இல்லாமல் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும் சாலையில் மூன்று நொடி மிகவும் சின்ன அவகாசம்.

கண் கூச்சம்

எல்இடி வந்த பிறகு எதிர் வண்டி கண்ணைக் குருடாக்குகிறது என்பது இரவில் ஓட்டும் எல்லோருடைய புலம்பல். பழியை எல்இடியின் தலையில் கட்டுவது பாதி உண்மை. கார் ஒரே ஒரு டிகிரி மூக்கைத் தூக்கினால் போதும், கீழ்நோக்கிச் சரிந்திருந்த அந்த விளிம்பு அடிவானத்துக்கு மேலே போய்விடும். ஹைகிராஸில் ஏழு பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கும். இதற்காகவே பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் விளக்கைத் தாழ்த்தும் சின்னத் திருகு இருக்கிறது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்களே மிகுதி.

ஹாலஜனுக்கென வடித்த குடுவைக்குள் சந்தையில் விற்கும் எல்இடி பல்பைச் செருகுவது இன்னும் மோசம். ஒளி பிறக்கும் இடம் சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே மேல்விளிம்பு கலைந்து வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். ஹெட்லைட்டின் மேல்பாதியில் கறுப்பு பெயின்ட் அடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த வைத்தியம் இன்றைய புரொஜெக்டர் விளக்குக்குப் பொருந்தாது, ஆனால் நோக்கத்தில் பிழையில்லை.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, விளக்கின் முன்னால் 8 மீட்டர், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர், தரையிலிருந்து 1.5 மீட்டர் என்று ஒரு புள்ளியைக் குறித்து, அங்கே இருக்கும் கண் கூசக் கூடாது என்கிறது. 105ஆம் விதியின்படி, சூரியன் மறைந்து அரை மணி கழித்துத் தொடங்கி, உதிப்பதற்கு அரை மணி முன்பு வரை விளக்கு எரிய வேண்டும். முன்விளக்கும் பின்சிவப்பும் 155 மீட்டரிலிருந்து தெரிய வேண்டும். பின் நம்பர் பிளேட்டை 15 மீட்டரிலிருந்து படிக்க முடிய வேண்டும்.

விலை கூடிய ஹைபிரிடுகளில் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா எதிரே வெளிச்சம் கண்டதும் தானாக டிம் செய்கிறது. நெடுஞ்சாலை 77இல் இது நன்றாகவே உதவும். மலை வளைவில் எதிர் வண்டி திரும்பி நேருக்கு நேர் வந்த பிறகுதான் கேமராவுக்கே அது தெரியும். அதற்குள் அந்த ஓட்டுநரின் கண் போயிருக்கும். வளைவுக்கு அப்பால் மரங்களில் படியும் ஒளியைப் பார்த்தே கைப்பழக்கத்தில் டிம் அடிக்கும் மலைப்பேருந்து ஓட்டுநரை இன்னும் எந்தக் கேமராவும் வெல்லவில்லை.

ஏற்றத்தில் இன்னொன்று. மலையேறும் காரின் ஹை பீம் வானத்தை நோக்கிப் போகிறது. இதே ஜவ்வாது மலைத்தொடரின் காவலூரில், 1986இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது, வேணு பாப்பு வானாய்வகத்தில். அங்குள்ள வானியலாளருக்கு இருட்டே மூலதனம்.

பனியில் மஞ்சள் விளக்குதான் ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியது. அது மஞ்சள், வெள்ளை இரண்டையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கிறது. ஃபாக் லைட் உதவுவது தாழ்வாக, அகலமாக, பனித்திரைக்கு அடியில் ஒளி வீசுவதால். பனியில் ஹை பீம் போட்டால் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்.

பகலில் எரிவது

பகல் விளக்கு வழி காட்டுவதற்கல்ல, தன்னைக் காட்டிக்கொள்வதற்கு. ஐ.நா. விதி 87 அதன் ஒளிச்செறிவை ஒவ்வொன்றுக்கும் 400 முதல் 1,200 கேண்டலா வரை என்று வரையறுக்கிறது. ஹெட்லைட் போட்டதும் அது அணையும் அல்லது மங்கும். மோட்டாரில் மட்டும் ஓடும் ஹைபிரிட் சந்தைத் தெருவில் சத்தமில்லாமல் நுழைகிறது. எஞ்சின் உறுமலைக் கேட்டு ஒதுங்கிப் பழகியவர்களுக்கு அந்த விளக்கே முன்னறிவிப்பு. முன்னால் மட்டுமே எரியும் என்பதுதான் அதன் குறை. அந்தி மயங்கும் நேரத்தில் டேஷ்போர்டு ஒளிர்வதைப் பார்த்து விளக்கு எரிகிறது என்று நம்பி, பின்னால் சிவப்பே இல்லாமல் ஓட்டுபவர்கள் உண்டு.

சிவப்பு எப்போது எரிகிறது

ஹைபிரிடில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. பிரேக் மிதியை மிதித்தால் எல்லாக் காரையும் போலவே பிரேக் லைட் எரியும். மிதிக்காமல் வேகம் குறைந்தால்? ஐ.நா. விதி 13-ஹெச் இதற்கு இரண்டு கோடுகள் போட்டிருக்கிறது. ஒவ்வொரு நொடியிலும் வேகம் மணிக்கு 2.5 கி.மீ. அளவுக்கு மேல் குறையாவிட்டால் சிவப்பு எரியக் கூடாது. ஒவ்வொரு நொடியிலும் மணிக்கு 4.7 கி.மீ.க்கு மேல் குறைந்தால் எரிந்தே ஆக வேண்டும். இடைப்பட்ட நிலையில் எரியலாம், எரியாமலும் இருக்கலாம். அது நிறுவனத்தின் விருப்பம்.

மலை இறக்கத்தில் இந்த இடைவெளி பெரிதாகிறது. ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 2 கிலோவாட் மணி. ஹைரைடரின் பேட்டரியோ 0.76 கிலோவாட் மணிதான். காற்றும் உராய்வும் கொஞ்சம் தின்றாலும் பாதி இறக்கத்திலேயே பேட்டரி நிறைந்துவிடும். டொயோட்டா ஹைபிரிடுகளின் கியரில் இருக்கும் ‘பி’ நிலை இதற்குத்தான்: எஞ்சினைச் சும்மா சுழலவிட்டு அதன் இழுவையால் வண்டியை அடக்குகிறது. எஞ்சின் திடீரென்று இரைவதைக் கேட்டுப் புதிதாக வாங்கியவர்கள் பயந்துபோவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஹோண்டா சிட்டியில் இதே வேலைக்கு ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு தகடுகள். ‘பி’யில் போட்டுப் பிரேக்கைத் தொடாமல் இறங்கும் கார், பின்னால் வருபவருக்கு ஒன்றும் சொல்லாமலே வேகம் குறைகிறது. கியரைக் குறைத்து இறங்கும் பழைய லாரியும் இப்படித்தான். ஆனால் அதன் சத்தம் சொல்லிவிடும். எனவே கொண்டை ஊசி வளைவுக்கு முன் மிதியை லேசாகத் தொட்டுச் சிவப்பைக் காட்டுவது நல்லது. பிரேக் சூடாகுமளவு அழுத்த வேண்டாம்.

எரியத் தொடங்கும் வேகத்தில் எல்இடிக்குத் தனிச் சிறப்பு. இழை பல்பு முழு வெளிச்சத்துக்கு வர எடுக்கும் நேரத்தைவிட அது சுமார் 0.2 நொடி முந்துகிறது. 80 கி.மீ. வேகத்தில் பின்வண்டிக்கு அது நாலரை மீட்டர் லாபம்.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். இழை பல்புக்குப் பதில் எல்இடி போட்டால் மின்சுமை குறைந்து, பல்பு ஃபியூஸ் போய்விட்டதாகக் கணினி எண்ணி, இரட்டை வேகத்தில் சிமிட்டும். லாரிக்காரர்களிடம் இண்டிகேட்டருக்கு வேறு அகராதி உண்டு. முன்லாரி போடும் வலது இண்டிகேட்டர் ‘நான் திரும்பப் போகிறேன்’ என்றும் பொருள்படும், ‘நீ முந்திக்கொள்’ என்றும் பொருள்படும். நாற்சந்தியில் நேராகப் போக நான்கையும் சிமிட்டுவோரும், மழையில் ஹசார்டோடு ஓடுவோரும் தம் திருப்பக் குறிப்பைத் தாமே மறைக்கிறார்கள்.

பழுது

செங்கம் மாதிரியான ஊரில் ஹெச்4 பல்பு எந்த உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் நின்ற நிலையில் மாற்றித் தருவார். முழு எல்இடி ஹெட்லைட்டில் மாற்றுவதற்குத் தனி பல்பு இல்லை. பழுதானால் பெரும்பாலும் விளக்குத் தொகுதியையே ஆர்டர் போட்டு வரவழைக்க வேண்டும். ஆரஞ்சு நிற உறை போட்ட வயர்கள் உயர் அழுத்தச் சுற்றைச் சேர்ந்தவை. விளக்கு வேலைக்காகப் பானட்டைத் திறப்பவர் அவற்றில் கை வைக்கவே கூடாது. கூடுதல் விளக்குக்கு இருக்கும் வயரை அறுத்துக் கிளை எடுப்பதும் வம்பு. சுவிட்ச், ரிலே, பல்பு என்று நேராகப் போன பழைய சுற்று இப்போது கணினி வழியாகப் போகிறது.

விளக்கின் உயரம் சரியா என்று பார்க்க ஒர்க்ஷாப் வேண்டாம். சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீம் போட வேண்டும். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, விளக்கின் நடு உயரத்தைவிடச் சுமார் 10 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் சரி. வழக்கமாக ஏற்றும் ஆட்களை ஏற்றிக்கொண்டே இதைப் பார்க்க வேண்டும், காலி வண்டியில் பார்த்துப் பயனில்லை.