குவில்ட் கைத்தையல்: உபகரணங்களும் முறைகளும்

மேல்துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளிப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் பெரும்பாலும் ஓட்டுத் தையலால் ஒருசேரப் பிணைத்து, அப்பிணைப்பினாலேயே மேற்பரப்பில் சித்திர வேலைப்பாடு எழும்படி செய்த போர்வை, ஆங்கில நாடுகளில் குவில்ட் எனப்படும்.

எஞ்சியுள்ள மிகப் பழைய படைப்புகளுள் ஒன்றான டிரிஸ்டன் போர்வை, 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலித் தீவில் உருவாயிற்று. இரண்டு லினன் துணிகளைப் பின்தையலால் இணைத்து, உருவங்கள் புடைக்க வேண்டிய இடங்களில் பஞ்சைத் திணித்து, டிரிஸ்டன் என்னும் வீரனின் கதையைக் காட்சி காட்சியாகக் காட்டும் அவ்வேலையின் பகுதிகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அரும்பொருட்சாலையிலும் பிளாரன்ஸ் நகரத்துப் பார்ஜெல்லோ அரும்பொருட்சாலையிலும் உள்ளன. பிற்காலத்தில் இக்கலைக்குப் பிரதான இருப்பிடங்களாக விளங்கியவை வேல்ஸும் இங்கிலாந்தின் டர்ஹாம் பிரதேசமும் ஆகும். வேல்ஸில் பண்ணைதோறும் சென்று, அங்கேயே தங்கி, அவ்வீட்டாருக்கு வேண்டிய போர்வைகளைத் தைத்துக் கொடுத்த பெண்கள் இருந்தனர். டர்ஹாமிலோ, சுரங்கத்தில் கணவனை இழந்த பெண்கள் பலருக்கு இதுவே ஜீவனோபாயம். நிலக்கரித் தொழில் நலிந்தபோது, கிராமக் கைத்தொழில் செயலகம் 1928 முதல் இவர்களுக்கு ஆதரவளித்தது.

உபகரணங்களுள் தலையாயது ஊசி. ‘பிட்வீன்’ என்னும் குட்டையான ஊசியே இதற்கு உரியது. எண் ஏற ஏற ஊசி மெலிந்து குறுகும். 12ஆம் எண் ஊசி நுண்தையலுக்கு ஏற்றதெனினும், பழகாத கையில் அது வளையும், விரலை வருத்தும். ஆகையால் 8 அல்லது 9ஆம் எண்ணில் தொடங்குவதே முறை. ஊசியைத் தள்ளுவதற்கு நடுவிரலில் அணியும் ‘திம்பிள்’ என்னும் விரலுறை தளர்ந்திருந்தால் கழன்றுவிடும், இறுகினால் விரல் மரத்துப்போகும். உலோகம் ஒவ்வாதவர்க்குத் தோலாலானது உண்டு. ஊசியின் காது வழுக்காமலிருக்க, தலைப்பில் விளிம்பு எழுந்த திம்பிளே உத்தமம்.

‘ராக்கிங்’ எனப்படும் ஊசலாட்டத் தையலில், நிமிர்த்திப் பிடித்த ஊசியின் முனை அடியிலுள்ள மறுகை விரலைத் தீண்டிய மாத்திரத்தில், காதுப்புறத்தைத் திம்பிளால் தாழ்த்தி, கீழ்விரலால் துணியை மேலெழுப்பி, கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினால் முனை வெளிப்படும். இங்ஙனம் மூன்று நான்கு தையல்களை ஊசியிலேற்றிய பின்பே நூலை இழுக்க வேண்டும். வளையச் சட்டத்தில் துணியை மத்தளத்தோல் போல் விறைக்கக் கட்டினால் இந்த ஊசலாட்டத்திற்கு இடமிராது. சற்றே தொய்வு அவசியம். மணிக்கட்டு வலிப்பதற்கு இவ்விறைப்பும் ஒரு காரணமாகலாம். தொடக்க முடிச்சைச் சுண்டியிழுத்து நடுப்படலத்தினுள் மறைப்பது சம்பிரதாயம்.

தடித்த நூலால் நீண்ட தையலிடும் முறை, கண்பார்வை குன்றியோர்க்கு உகந்தது. குவில்டை ஒத்த, காந்தா எனப்படும் வங்காளத்துத் தையல் போர்வையில் நடுப்படலம் இல்லை. பழைய சேலைகளையே அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலால் தைப்பர்.

இன்று பெரும்பாலான குவில்ட்கள் இயந்திரத்தால் தைக்கப்படுகின்றன. ஆயினும் கைத்தையலின் மென்மை இயந்திரத்துக்கு வாய்க்கவில்லை. தையல் சிறிதாக வேண்டுமென்று விரைவதை விட்டு, முதலில் அது சீராக அமையுமாறு, தம் கைக்குச் சௌகரியமான ஊசியையும் திம்பிளையும் ஒரு முழத் துணியில் பரீட்சித்துத் தெரிந்துகொள்ளும்படி புதிதாகப் பயில்வோரை வேண்டுகிறோம்.