திருப்பிப் போட்ட சக்கரம்

மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் சட்டகத்திலிருந்தோ, அதை ஓட்டிப் புகழ்பெற்ற வீரர்களிலிருந்தோ தொடங்குவது வழக்கம். நாமோ பின்சக்கரத்தின் நடுவிலுள்ள, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஹப்பிலிருந்து தொடங்க விரும்புகிறோம். பழைய மிதிவண்டியொன்றை நிலைப்பல் வண்டியாக மாற்ற முனைவோரின் வெற்றியும் தோல்வியும், சில வேளைகளில் உயிரும், அதில் வெட்டப்பட்ட மரைகளைச் சார்ந்தே இருக்கின்றன.

நாமறிந்த சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடும்; ஃப்ரீவீல் அதற்கு இடந்தருகிறது. ஃப்ரீவீல் இன்றிப் பல்சக்கரம் ஹப்போடு இறுகப் பிணைந்திருந்தால், சக்கரம் சுழலும்வரை மிதிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். கால்களால் எதிர்த்து அழுத்தினால் வண்டியின் வேகம் குறையும். இதுவே நிலைப்பல் வண்டி. இது புதுமையன்று. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் உட்பட, தொடக்ககால மிதிவண்டிகள் இவ்வகையினவே.

அவ்வண்டிகளைத் தாங்கிய கம்பிச் சக்கரம் அதற்கும் மூத்தது. மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஆரக்கால் தூண்போல் நின்று பாரத்தைச் சுமக்கிறது. மிதிவண்டியின் மெல்லிய கம்பியால் அவ்வாறு நிற்க இயலாது. முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதே அதன் வலிமை. பாரிசில் யூஜீன் மேயர் 1869இல் இத்தகைய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1874இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தவரான ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை ஹப்பிலிருந்து நேராக நிறுத்தாமல், ஒன்றையொன்று குறுக்கிடும்படி சாய்த்துக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பாதிக் கம்பிகள் முன்னோக்கியும் பாதி பின்னோக்கியும் சாய்ந்திருப்பதால், ஹப்பின் முறுக்குவிசை எத்திசையில் வந்தாலும் சக்கரம் அதை ஏற்றுக்கொள்கிறது. மிதிக்கும்போதும் எதிர்த்து அழுத்தும்போதும் விசை திசைமாறும் நிலைப்பல் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை.

1903இல் டூர் த பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு, 1893இல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தவர். கியர் மாற்றும் கருவியைப் பந்தயத்துக்குள் விடாமல் நெடுங்காலம் தடுத்தவரும் அவரே. எனவே வீரர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்களைப் பூட்டிக்கொண்டனர். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, மீண்டும் முடுக்கிவிட்டு ஏறினர். குளிரில் விறைத்த விரல்களால் காதுமரையைத் திருக இயலாமல் தவித்த அனுபவமே துல்லியோ கம்பனோலோவை, 1930இல் காப்புரிமை பெற்ற விரைவுப் பூட்டுக்கு இட்டுச்சென்றது என்று ஒரு கதை வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், அப்பூட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது.

1937இல் கியர் மாற்றி டூர் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. சக்கரத்தைத் திருப்பிப் போடும் தேவை ஒழிந்தது. ஆனால் அதற்கொரு விலையும் இருந்தது. பல்சக்கரங்கள் வலப்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட, ஹப்பின் வலப்புற விளிம்பு உள்நோக்கி நகர்ந்தது. வலப்புறக் கம்பிகள் மிகுதியாக இறுக, இடப்புறக் கம்பிகள் தளர்ந்து நின்றன. இருபுறமும் ஒத்திருந்த சக்கரம் ஒருபக்கம் ஒதுங்கியதாயிற்று.

சமச்சீரான சக்கரம் அடியோடு மறைந்துவிடவில்லை. ஓடுதளங்களில் அது தொடர்ந்து வாழ்ந்தது. ஜப்பானின் கோக்குரா நகரில் 1948இல் தொடங்கிய கெய்ரின் பந்தயம் அதற்கு நல்ல சான்று. பணயம் வைக்கப்படும் பந்தயம் என்பதால் உறுப்புகள் யாவும் ஒரே தரத்துக்கு உட்பட்டு, என்ஜேஎஸ் முத்திரை பெற்றாக வேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டுகளில் நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் நிலைப்பல் வண்டி மோகம் பரவியபோது, அம்முத்திரை தாங்கிய ஹப்புகளையும் ரிம்களையும் ஆர்வலர்கள் தேடி வாங்கியதற்கு இத்தரமே காரணம்.

பழைய சாலைவண்டியை மாற்றுவோர் இந்த வரலாற்றைத் தம் கைகளால் பின்னோக்கி நடக்கிறார்கள் எனலாம். ஓடுதள ஹப்பின் அகலம் பெரும்பாலும் 120 மில்லிமீட்டர். எழுபது, எண்பதுகளின் சாலைவண்டிகள் பலவற்றில் பின்கவையின் இடைவெளி 126. அச்சில் வளையங்களைச் சேர்த்து அதைச் சரிக்கட்டலாம். சங்கிலி நேர்கோட்டில் ஓடுகிறதா என்று பார்த்து, கம்பிகளை இருபுறமும் சமமாக இறுக்கிக் கோட்டம் எடுத்தால், கியர் மாற்றி குலைத்த சமச்சீர் மீண்டுவிடும்.

ஆனால் ஒன்றில் சமரசம் கூடாது. ஓடுதள ஹப்பில் இரண்டு மரைகள் உண்டு. பல்சக்கரத்துக்கு வலமரை, அதற்கு வெளியே, சற்றுச் சிறிய விட்டத்தில், பூட்டுவளையத்துக்கு இடமரை. எதிர்த்து அழுத்துகையில் பல்சக்கரம் கழல முற்பட்டால், அதே திசையில் பூட்டுவளையம் மேலும் இறுகித் தடுத்துவிடும். சாலைவண்டியின் ஹப்பில் இந்த இடமரை இல்லை. அதில் ஃப்ரீவீலை அகற்றி, நிலைப்பல்லை முடுக்கி, வேறொரு வளையத்தால் இறுக்கிவிடும் குறுக்குவழியைத் 'தற்கொலை ஹப்' என்றே ஆர்வலர் அழைக்கின்றனர். வளையமும் பல்லும் ஒரே திசையில் கழலும். கால்களை மட்டுமே தடையாக நம்பி இறக்கத்தில் வருபவருக்கு அக்கணத்தில் பிடிமானம் எதுவும் இராது. முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் கட்டாயம் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வறிவைப் பொதுவில் பரப்பியவர்களில் இருவரை நாம் நன்றியோடு நினைக்கலாம். ஜோப்ஸ்ட் பிராண்ட் 1981இல் வெளியிட்ட 'தி பைசைக்கிள் வீல்' என்னும் நூல், கம்பிச் சக்கரம் பாரத்தைத் தாங்கும் விதத்தைத் தெளிவுறுத்தியது. 2008இல் மறைந்த ஷெல்டன் பிரவுன், நிலைப்பல் வண்டியின் நுட்பங்களை எவரும் பின்பற்றும் எளிய மொழியில் எழுதிவைத்தார். இருவரும் தொழிற்பட்டறைக்குள் வாய்மொழியாகத் தங்கியிருந்ததை வெளியே கொணர்ந்தவர்கள்.

மலையடிவாரத்தில் சக்கரத்தைத் திருப்பிப் போட்ட அந்த வீரர்கள் கழித்துவிட நினைத்த சிரமத்தை, இன்று சிலர் விரும்பித் தேடிச் செல்கின்றனர். அதில் ஏக்கமும் உண்டு, நாகரிகப் பகட்டும் உண்டு. எனினும் ஏக்கத்தால் மட்டும் ஒரு சக்கரத்தைக் கட்டிவிட முடியாது. முன்னோர் அந்தச் சிறு வளையத்துக்கு ஏன் இடமரை வெட்டினர் என்பதை அறிந்தவரே அவர்களுடைய வண்டியைப் பாதுகாப்பாக ஓட்ட இயலும்.