காஞ்சிபுரத்தில் பெய்யும் பனி

தமிழனுக்கும் பனிக்கும் உள்ள உறவு விசித்திரமானது. வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்த நம் முன்னோர், அதில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தார்கள். ஆறில் இரண்டு! ஆனால், வானத்திலிருந்து வெள்ளைவெளேர் என்று பஞ்சு மாதிரி இறங்குகிற பனியை இந்த மண்ணில் யாரும் பார்த்ததில்லை. புல் நுனியில் உட்கார்ந்திருப்பதும் நமக்குப் பனிதான், மார்கழி விடிகாலையில் எதிரே வருகிற பஸ்ஸை மறைப்பதும் பனிதான், இமயமலை மேல் கிடப்பதும் பனிதான். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை! ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெளுத்துப் போகிறதே, அதுகூட மேலிருந்து விழுவதில்லை. தரையிலேயே உறைகிற உறைபனி.

பார்க்காத பொருள் மேல்தான் ஆசை அதிகம். சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன், கண்ணகிக்குச் சிலை வடிக்க இமயத்துக்கே போய்க் கல் எடுத்து வருகிறான். பக்கத்தில் பொதிகை மலை இருக்கிறதே, அங்கே கல்லுக்கா பஞ்சம்? இல்லை. பனிமலைக் கல் என்றால்தான் கெத்து.

போய்வர முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? பனிமலையை இங்கேயே செய்துகொள்வார்கள். அப்படிச் செய்த ஊர்களில் முதல் வரிசை, காஞ்சிபுரம். அந்த வேலை இன்றைக்கும் நடக்கிறது. உளியை வைத்து அல்ல, வீடியோ கேமில்!

முதலில் அசல் கதையைப் பார்த்துவிடுவோம்.

1611-ம் வருஷம். பிராக் நகரத்தில், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனைக் கணித மேதை கெப்ளர். கிரகங்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்தாரே, அவரேதான். பதவி பெரிது, சம்பளம் மட்டும் ஒழுங்காக வராது. தன்னை ஆதரித்த ஒரு பிரபுவுக்குப் புத்தாண்டுப் பரிசு தர வேண்டும், கையில் காசில்லை. அதனால் ஒரு சின்னக் கட்டுரை எழுதிக் கொடுத்தார். பனித்துகளுக்கு ஏன் எப்போதும் ஆறு மூலை? ஏன் ஐந்து இல்லை? ஏன் ஏழு இல்லை? இதுதான் விஷயம். கடைசிவரை அவருக்கு முழு விடை கிடைக்கவில்லை. ஆனால், கேள்வி சாகவில்லை.

விடை இதுதான். தண்ணீரின் மூலக்கூறுகள் உறையும்போது ஒன்றோடு ஒன்று கைகோத்து, அறுகோண வரிசையில்தான் உட்காரும். அதனால் பனிப்படிகமும் ஆறு பக்கம். அதற்கு முன்னால் இன்னொரு சமாச்சாரம் உண்டு. பூஜ்யம் டிகிரி வந்தவுடனேயே மேகத்திலுள்ள நீர்த்துளி உறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். சுத்தமான துளி என்றால், மைனஸ் 38 டிகிரி போலக் குளிர்ந்தாலும் திரவமாகவே அடம்பிடிக்கும்! அது உறைய ஒரு பிடிமானம் வேண்டும். ஒரு தூசு போதும். அந்தத் தூசைப் பற்றிக்கொண்டு முதல் படிகம் பிறக்கிறது. சுற்றியுள்ள நீராவி நேராக அதன் மேல் ஒட்ட ஒட்ட, ஆறு மூலையிலும் கிளை விட்டு வளர்கிறது.

இதைச் சோதனைச்சாலையில் செய்து காட்டியவர் ஜப்பானியரான உகிச்சிரோ நகாயா. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 1936-ல், ஒரு முயல் முடியின் நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தார். அவர் கண்டுபிடித்தது பெரிய ரகசியம்... குளிரும் ஈரமும் மாறினால் படிகத்தின் உருவமும் மாறும். மைனஸ் 5 டிகிரி பக்கம் ஊசி. மைனஸ் 15 பக்கம், நாம் படங்களில் பார்க்கிற நட்சத்திரம். ஒவ்வொரு துகளும் மேகத்துக்குள் தனி வழியில் அலைந்து இறங்குவதால், ஒன்று மாதிரி இன்னொன்று இருப்பதில்லை.

இன்னொரு ஆச்சரியம். பனி வெள்ளையே அல்ல! தனிப் படிகம் கண்ணாடி மாதிரி. லட்சக்கணக்கில் குவிந்து, ஒவ்வொரு முகத்திலும் வெளிச்சம் பட்டுச் சிதறும்போதுதான் வெள்ளையாகத் தெரிகிறது. தூள் உப்பு வெள்ளையாக இருக்கிறதே, அதே கதை.

இப்போது காஞ்சிக்கு வருவோம். காஞ்சிபுரத்திலிருந்து நேர் வடக்கே, பறவை பறக்கிற கணக்கில் சுமார் 2,000 கிலோமீட்டர் போனால் கயிலாய மலை. உயரம் 6,638 மீட்டர். 7-ம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், அந்த மலையைப் பார்த்தே தீருவது என்று கிளம்பினார் அப்பர். சேக்கிழார் தம் பெரியபுராணத்தில் சொல்கிற கதை இது. நடந்தார். கால் தேய்ந்தது, தவழ்ந்தார். கை தேய்ந்தது, உருண்டார். கடைசியில் இறைவன் தடுத்து, "இந்தக் குளத்தில் மூழ்கு, திருவையாற்றில் எழு, அங்கே கயிலாயம் தெரியும்" என்றாராம். மூழ்கியது வடக்கே, எழுந்தது காவிரிக் கரையில்! ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றில் இன்றும் அந்தக் காட்சித் திருவிழா நடக்கிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால், அதில் உள்ள யோசனையைக் கவனியுங்கள். மலைக்கு நாம் போக முடியாவிட்டால், மலை நம்மிடம் வரலாம்.

அப்பருக்கு ஒரு நூற்றாண்டு கழித்து, அந்த யோசனைக்குக் கல்லில் உருவம் கொடுத்தான் ராஜசிம்ம பல்லவன். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காஞ்சியின் மேற்கு ஓரத்தில் அவன் கட்டியதுதான் இன்று கயிலாசநாதர் கோயில் என்று நாம் சொல்கிற கோயில். அடியில் கருங்கல், மேலே மணற்கல். நடுவில் சிகரம் சிகரமாக உயர்கிற விமானம். சுற்றிலும் மலையடிவாரக் குகைகள் போல 58 சிறு சன்னதிகள். கருவறையைச் சுற்றிவர, உடம்பைக் குறுக்கி நுழைய வேண்டிய இடுக்கு வழி. மலையேறுகிறவன் படுகிற பாட்டில் ஒரு துளி!

இதைச் செதுக்கிய சிற்பிகளில் பனிமலையைக் கண்ணால் பார்த்தவர் யாராவது இருந்திருப்பார்களா? சந்தேகம்தான். கேள்விப்பட்டதை வைத்துக்கொண்டு, ஒரு மலை என்றால் மனசுக்குள் என்ன நடக்க வேண்டுமோ அதைக் கட்டிவிட்டார்கள்.

அந்த நகலுக்கு நகல்கள் கிளம்பின. சுமார் 740-ல் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலைக் கண்டு அசந்துபோய், அதன் செல்வத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்கிற கன்னடக் கல்வெட்டு காஞ்சிக் கோயில் தூணிலேயே இருக்கிறது. அவன் ராணி லோகமகாதேவி, வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் கோயில் எழுப்பினாள். பிறகு ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், எல்லோராவில் ஒரு மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து இன்னொரு கயிலாயம் உருவானது. அதற்கு வெண்சுதை பூசி, பனி மூடிய சிகரம் போலவே காட்டினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ராஜராஜ சோழனோ காஞ்சிக் கோயிலைக் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என்று கல்வெட்டில் கொண்டாடினான். பிறகு அவன் தஞ்சையில் எழுப்பிய விமானத்துக்குப் பெயர் என்ன? தட்சிண மேரு. மறுபடியும் மலை!

சரி, இதில் வீடியோ கேம் எங்கே வந்தது?

அதற்கும் காஞ்சிபுரம் வழியாகவே போகலாம். இங்கே பட்டு நெய்கிற வீட்டில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். வரிசையாகத் துளை போட்ட அட்டைகள் அதில் ஓடும். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. மயிலோ, யாளியோ, முதலில் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக நிரப்பப்பட்டு, அப்புறம்தான் சேலைக்கு வரும். பிரான்சில் ஜோசஃப் மேரி ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த இந்த அட்டையைப் பார்த்துத்தான், 1830-களில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கும் அட்டை போட நினைத்தார். 1890-ல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கையே துளை அட்டையில் முடித்தார் ஹோலரித். கம்ப்யூட்டரின் கொள்ளுத்தாத்தாக்களில் ஒருவர் தறிதான். கம்ப்யூட்டர் திரையும் கட்டம் போட்ட தாள்தானே! ஒவ்வொரு கட்டமும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம்.

1980-ல் ஆக்டிவிஷன் கம்பெனி, அட்டாரி பெட்டிக்காக 'ஸ்கீயிங்' என்று ஒரு பனிச்சறுக்கு விளையாட்டை வெளியிட்டது. அந்தப் பெட்டியின் வேலை நினைவகம் மொத்தம் 128 பைட். ஆங்கிலத்தில் ஒரு தந்தி வாசகத்துக்குத்தான் காணும்! இதில் பனியை எப்படி வரைவது? வரையவே இல்லை. பின்னணியை வெளுப்பாக விட்டுவிட்டு, மரத்தையும் கொடியையும் மட்டும் வைத்தார்கள். மிச்சத்தைப் பார்ப்பவன் மனசு வரைந்துகொண்டது.

அப்புறம் பனி பெய்ய ஆரம்பித்தது. நெருப்பு, புகை, பனி மாதிரி உருவமில்லாத விஷயங்களை ஆயிரக்கணக்கான துகள்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பிறப்பு, வேகம், ஆயுசு என்று தலையெழுத்து எழுதுகிற முறையை, 1982-ல் 'ஸ்டார் டிரெக்' சினிமாவுக்காக உருவாக்கினார் வில்லியம் ரீவ்ஸ். விளையாட்டுக்காரர்கள் அதில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். திரையில் ஊர் முழுக்கப் பனி கொட்டுவது போலத் தெரிகிறதா? ஊர் முழுக்கப் பெய்வதே இல்லை. உங்கள் கண்ணைச் சுற்றி ஒரு சின்னப் பெட்டிக்குள் மட்டும்தான் பெய்யும்! நீங்கள் நடந்தால் பெட்டியும் கூடவே வரும். கீழே போன துகளைத் தூக்கி மறுபடி மேலே போட்டுவிடுவார்கள். நம்ம காமர்ஸ் பாஷையில் சொன்னால், சின்ன முதலை வைத்துக்கொண்டு பெரிய ரொட்டேஷன்.

கூரை மேல் பனி படிவதும் அப்படித்தான். ஒவ்வொரு பரப்பும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கணக்குப் போட்டு, வானத்தைப் பார்க்கிற பக்கத்துக்கு மட்டும் வெள்ளை அடித்துவிடுவார்கள். 2015-ல் வந்த 'ரைஸ் ஆஃப் தி டூம்ப் ரைடர்', 2018-ல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' விளையாட்டுகளில் கதாநாயகி, நாயகன் நடந்தால் பனி அமுங்கிக் கால்தடம் விழும். ஆழத்தைக் குறித்துவைக்க ஒரு ரகசியப் படம் உண்டு. கால் பட்ட இடத்தில் அந்தப் படம் மாறும், தரை தாழும். 2013-ல் டிஸ்னியின் 'ஃப்ரோஸன்' சினிமாவுக்கு, ஈரப் பனி எப்படி உருண்டு உடைகிறது என்பதற்கே கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கணித வல்லுநர்களோடு சேர்ந்து தனிச் சூத்திரம் எழுதினார்கள்.

ஆக, நகல் நாளுக்கு நாள் அசத்துகிறது. அசல்?

இமயமலைப் பகுதி நாடுகள் சேர்ந்து நடத்தும் ஈசிமோட் அமைப்பு 2023-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2011 முதல் 2020 வரை, அங்கே பனியாறுகள் அதற்கு முந்தைய பத்து வருஷத்தைவிட 65 சதவிகிதம் வேகமாகக் கரைந்திருக்கின்றன. புகை கக்குவது இப்படியே போனால், இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இன்றிருப்பதில் 80 சதவிகிதம் வரை காணாமல் போகலாம். செங்குட்டுவன் கல் எடுத்த மலை, அப்பர் தவழ்ந்து போன மலை... வங்கியில் போட்ட முதலையே எடுத்துச் செலவு செய்கிற கணக்கு இது. வட்டி கங்கையாகவும் பிரம்மபுத்திராவாகவும் வந்துகொண்டிருக்கிறவரை யாருக்கும் உறைக்காது.

நகலுக்கும் ஆயுள் நிச்சயமில்லை. கயிலாசநாதர் கோயில் மணற்கல் மெல்ல உதிர்கிற ஜாதி. அதன் சுதைக்கு மேல் பல்லவர்கள் தீட்டிய வண்ண ஓவியங்களில் இன்று மிச்சம், அங்கங்கே சில துண்டுகள் மட்டும்தான்.

கடைசியாக ஒன்று. காஞ்சியில் பனி பெய்ததே இல்லை என்று இவ்வளவு நேரம் பேசினோம் அல்லவா? பெய்கிறது! நம்ம ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரம் போனாலே வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே. இடிமேகங்கள் அதையும் தாண்டி எழும்புகின்றன. அங்கே, ஒரு தூசைப் பிடித்துக்கொண்டு, அதே அறுகோணப் படிகம் பிறக்கிறது. மற்ற துளிகளோடு மோதி உருண்டு கனத்து, விழ ஆரம்பித்து, பாதி வழியில் உருகி, காஞ்சிக்கு வந்து சேரும்போது மழையாகிவிடுகிறது.

அடுத்த முறை கயிலாசநாதர் கோயிலில் இருக்கும்போது இடிமழை பிடித்தால், அந்த 58 சன்னதிகளில் ஒன்றில் ஒதுங்கிக்கொள்ளுங்கள். எதிரே விமானத்தின் மேல் வழிகிற தண்ணீரில் பெரும்பங்கு, சற்று முன்புவரை பனியாக இருந்ததுதான்.