ஹலீமுக்குக் கோதுமை இன்றியமையாததா?

ஐதராபாத் ஹலீமுக்கு 2010-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இந்தியாவில் இறைச்சி உணவொன்று அத்தகுதியைப் பெற்றது அதுவே முதன்முறை. அதன் தர வரையறை ஆட்டிறைச்சி, கோதுமை, நெய், செப்புக் கலம், ஏறத்தாழ 12 மணி நேரச் சமையல் என விரிகிறது. இறைச்சிக்கும் கோதுமைக்கும் 10-க்கு 4 என்ற விகிதமும் வகுக்கப்பட்டுள்ளது. எனவே, கோதுமை நீங்கினால் அவ்வரையறையின்படி அது ஐதராபாத் ஹலீம் அன்று.

நோன்பு மாத மாலைகளில் கடையிலிருந்து ஹலீம் பொட்டலம் வாங்கிவந்து, வீட்டோர் அனைவரும் சூழ்ந்தமர்ந்து உண்பது இந்நகர வழக்கம். சமய வேறுபாடு அதற்கில்லை. அவ்வாறான வீடொன்றில் ஒருவருக்குச் சீலியாக் நோய் கண்டறியப்பட்டால், ஆண்டுதோறும் அம்மாதத்தில் அவர் மட்டும் வேறு தட்டில் வேறு உணவு உண்ண வேண்டியதுதானா? என் உறவினர் இல்லத்தில் இவ்வினா எழுந்தது. மருத்துவர் அதற்கு ஒரு சொல்லில் விடையளித்துவிட்டார். வரலாறு சற்று விரிவாகவே விடையளிக்கிறது.

ஹலீமின் மூதாதை ஹரீஸ், அல்லது ஹரீஸா. அச்சொல்லின் அரபு வேர் இடித்தலையும் நசுக்குதலையும் குறிப்பது. பெயர் சுட்டுவது தொழிலையே. தானியத்தைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. 10-ஆம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்-வர்ராக் பாக்தாத்தில் தொகுத்த சமையல் நூலிலேயே ஹரீஸா இடம்பெறுகிறது. பெரும்பாலும் அது கோதுமை உணவே என்பதில் ஐயமில்லை. எனினும், 13-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த, ஆசிரியர் பெயர் அறியப்படாத அந்தலூசியச் சமையல் நூலொன்று அரிசி ஹரீஸாவுக்குத் தனியே செய்முறை தருகிறது. அரிசியை ஊறவைத்து, கோழியின் நெஞ்சுக்கறியோடோ கொழுத்த ஆட்டின் கறியோடோ குழைய வேகவைத்து இடிப்பது அம்முறை. கோதுமை நோய் தரும் என்று அக்காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே அதனைத் தம் ஆய்வேட்டில் விளக்கியது 1950-இல்தான். ஆகவே அரிசி ஹரீஸா நோயாளிக்கென ஆக்கப்பட்ட மாற்று உணவன்று. தன்னளவில் முழுமையான ஒரு வகை.

இன்றும் உயிரோடிருக்கும் சான்று ஸ்ரீநகரில் உள்ளது. அங்கே ஆலி கதல் பகுதிக் கடைகளில் குளிர்கால விடியலில் விற்கப்படும் ஹரீஸாவில் ஆட்டிறைச்சியோடு சேர்வது அரிசி. அடுப்பில் புதைத்த பானையில் இரவெல்லாம் வெந்து, மரக்கோலால் மசிக்கப்பட்டு வருகிறது. (அதனைத் தொட்டுண்ணும் ரொட்டி கோதுமையால் ஆனது, சீலியாக் நோயர் கவனிக்க.) தமிழ்நாட்டு நோன்புக் கஞ்சியை ஹரீஸின் கிளை என்று நான் கூற வரவில்லை. ஆயினும் நோன்பு திறக்கும் வேளைக்கு எளிதில் செரிக்கும் குழைந்த உணவு வேண்டும் என்ற அதே தேவைக்கு, நம் பள்ளிவாசல்கள் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் கொண்டே விடை கண்டன. சில ஊர்களில் கொத்துக்கறியும் சேர்ந்தது.

ஐதராபாத்திலும் இவ்வுணவு மாறாமல் இருந்ததில்லை. நிஜாம் படையில் பணியாற்றிய ஹத்ரமௌத் அரபியரோடு ஹரீஸ் இங்கு வந்தது. அவர்கள் குடியிருந்த பார்க்கஸ் பகுதி, 'பாரக்ஸ்' என்ற படைக்குடியிருப்புச் சொல்லின் மரூஉ. அங்கு இன்றும் இனிப்பும் உப்பும் என இருவகை ஹரீஸ் கிடைக்கிறது. மசாலா மிகக் குறைவு. நகரம் அதனோடு பருப்பு வகைகளையும் கரம் மசாலாவையும் பொரித்த வெங்காயத்தையும் எலுமிச்சையையும் சேர்த்தது. சார்மினார் அருகிலுள்ள மதீனா ஓட்டல் 1950-களில் அதனைக் கடை உணவாக்கியது. இத்தனை மாற்றங்களுக்குப் பின்னரே 'மரபு' என முத்திரையிடப்பட்டது. சோளமும் நெல்லும் பெரிதும் விளைந்த தக்காணத்தில் கோதுமையே விருந்தாளி என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மாற்றம் எளிதென்று சொல்லிவிட முடியாது. ஹலீமின் இழுபடும் தன்மையில் கோதுமையின் குளூட்டனுக்குப் பங்குண்டு. அரிசி குழையும், இழுபடாது; சோளமோ ஆறியதும் இறுகிவிடும். உறவினர் இல்லத்தில் எலும்போடு கூடிய கறியை நெடுநேரம் வேகவைத்தே அக்குறையை ஈடுசெய்தனர். எலும்பிலிருந்தும் தசைநாரிலிருந்தும் இறங்கும் பசையும் இடிபட்ட இறைச்சியின் நாரும் அந்த இழுவையில் பெரும்பகுதியைத் தந்துவிட்டன. உடைத்த பச்சரிசி மூன்று பங்கு, சோளக்குருணை ஒரு பங்கு என்பது அவர்கள் கண்ட அளவு. அதனை ஐதராபாத் ஹலீம் என்று விற்க இயலாது. அரிசி ஹரீஸா என்று அழைப்பதற்கு 700 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்மாதிரி உண்டு.

கடைகளில் இதனைக் கேட்டு வாங்குவது இப்போதைக்குப் பாதுகாப்பானதன்று. குளூட்டன் அற்றது எனக் குறிக்கப்படும் உணவில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருத்தலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. கோதுமை ஹலீமை இடித்த மரமத்தை அரிசிக் கலத்தில் ஒருமுறை தோய்த்தாலே அவ்வெல்லை கடந்துபோகக்கூடும். வீட்டில் சமைப்போரும் மத்தைப் புதிதாக வாங்குவது நல்லது. பொதியில் விற்கும் பொரித்த வெங்காயத்திலும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு.